பேய்க்கணவாய்க்கு ஈடு

மனிதர்களில் ஈடுகட்டி என்றோர் இனம் உண்டு. செய்கிற தப்பை நிறுத்த மாட்டார். அதற்கு ஈடாக எங்கோ நடக்கும் நல்லதை விலைக்கு வாங்கி, பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தானாகவே செய்தது என்று பத்துத் தடவை சொல்லவும் சொல்வார்.

எங்கள் துனீசியாவின் மொனஸ்தீர் கடற்கரையில் ஜீன்ஸ் சாய ஆலை வைத்திருக்கும் மொன்சிஃப்பையே பாருங்களேன். ஏதோ தூரதேசத்தில் தன் பெயரில் நாலாயிரம் மரம் நிற்பதாகப் பத்திரம் வாங்கி, வரவேற்பறையில் மாட்டி, அதற்கென்று தனி விளக்குப் போட்டு, வருகிறவரை அதன் முன் கால் மணி நேரம் நிறுத்திவைத்த பிறகுதான் புதினாத் தேநீர் கொடுப்பார். ஆலையின் நீலத் தண்ணீர்? அது பாட்டுக்குக் கடலுக்குப் போகும். டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்னபோது மைத்துனரை நிறுத்த வைத்தவர் அவர்.

"ரெண்டு பேருக்கும் சேத்துப் பாத்தா சக்கரை கொறஞ்சிருக்குல்ல?"

கடலில் மண்குடம் இறக்கி, அதில் ஒளிய வரும் எட்டுக்கால் பேய்க்கணவாயைப் பிடிப்பவர் லஸ்ஹர். அந்தக் குடங்கள்தான் அவர் குடும்பத்துக்குச் சோறு. இரண்டு மாதமாக அவை காலியாகவே மேலே வந்தன. நேரே ஆலைக்குப் போனார்.

"முதலாளி, உங்க தண்ணி என் கணவாயை எல்லாம் வெரட்டிடுச்சு."

"லஸ்ஹர் அண்ணே, அதுக்குத்தானே நாலாயிரம் மரம்!"

"கணவாய் மரமேறுமா?"

"உலகம் ஒண்ணுதானேண்ணே? அங்க நட்டா இங்கயும் நட்ட மாதிரி."

லஸ்ஹர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுவாரம், சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஆலைகளுக்குப் பச்சை முத்திரை வழங்கும் சங்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். முத்திரை இருந்தால்தான் ஐரோப்பியக் கடைகள் அடுத்த பருவத்துக்குத் துணி எடுக்கும். அவர் இந்தக் கரையின் கணவாயோடு கூஸ்கூஸ் ரவைச்சோறு சாப்பிட ஆசைப்பட, மொன்சிஃப் லஸ்ஹரிடமே ஆளனுப்பினார். லஸ்ஹரும் மூடிய தட்டோடு வந்து சேர்ந்தார்.

திறந்தால், ஒரு காகிதம். மீனவர் காப்பிக்கடை முத்திரையோடு. அம்மாள் கேட்டதால் லஸ்ஹரே பிரெஞ்சில் உரக்கப் படித்தார்: கெர்கென்னா தீவில் லஸ்ஹருடைய சித்தப்பா மகன், முதலாளி மொன்சிஃப் பெயரில் மூன்று கிலோ கணவாய் பிடித்து, மொன்சிஃப் பெயரிலேயே சாப்பிட்டும் விட்டான்.

"என்னண்ணே இது, வெளையாட்டா?"

"கடல் ஒண்ணுதானே முதலாளி?"

அம்மாள் சிரிக்கவில்லை. நீலத் தண்ணீர் போகும் வழியைக் காட்டச் சொன்னார். முத்திரை இன்னும் வரவில்லை. ஆலையின் பின்புறம் சுத்திகரிப்புத் தொட்டிக்குக் குழி தோண்டுகிறார்கள். மொன்சிஃப் தினமும் பெருமூச்சோடு எட்டிப் பார்க்கிறார்.

நீங்கள் சிரித்தீர்கள், சரி. இந்தக் கதையை நாலு பேருக்கு அனுப்பி, மொன்சிஃப்பை வாயார ஏசினால் உங்கள் பங்கு நல்ல காரியம் முடிந்தது என்று இப்போது ஒரு நிம்மதி வந்ததே, கவனித்தீர்களா? அதற்கும் ஒரு பத்திரம் தரச் சொல்கிறேன். மாட்டச் சுவரில் இடம் இருக்கிறதா?