பசிபிக் அண்ணையின் பத்துப் பக்கம்

பசிபிக் சமுத்திரத்தின் பாதுகாப்பு முழுவதும் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில்தான் இருந்தது. அதைக் காத்துவந்தவர் பசிபிக் அண்ணை. சொந்தப் பெயரைத் தபால்காரரே மறந்துவிட்டார். சட்டம் படித்தவர், பசிபிக் தீவு நாடுகளின் அரசியலையும் பாதுகாப்பையும் ஆராய்வது தொழில். எந்தத் தீவில் யாருடைய ஆட்சி கவிழும் என்று நித்திரையிலும் சொல்வார். குப்பை வாளியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்று கேட்டால் முழிப்பார்.

மாடிப்படியில் மாட்டினால் தொலைந்தோம்.

"தம்பி, அந்தத் தீவிலை சனம் ஒரு கலியாண வீட்டுக்கு வாறளவுதான். ஆனா அதின்ர கடல் ஜெர்மனியை விடப் பெரிசு!"

என் கையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருக்கும்.

இப்படியிருக்க, வீட்டுக்காரரிடமிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. சத்தம் போடக்கூடாத மதிய ஓய்வு நேரத்தில் நாங்கள் எதையோ இடிக்கிறோம் என்று கீழ்மாடி ஜெர்மன் அம்மையார் புகார் கொடுத்திருந்தார். தொடர்ந்தால் வீட்டை விட வேண்டும். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீடு. மனைவி அழுதேவிட்டாள். நான் கடிதத்தோடு மேலே ஓடினேன்.

"பயப்பிடாதையும். உம்மட வீடு ஒரு இறைமையுள்ள தீவு" என்றார் அண்ணை.

வீட்டுக்காரருக்குப் பத்துப் பக்கம் எழுதினார். சின்ன நாடுகளைப் பெரிய நாடுகள் நசுக்கக்கூடாது என்பதற்கே ஆறு பக்கம். மதியத்தில் நாங்கள் இருவரும் வேலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், வீட்டில் ஆளே இல்லை என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை.

"அண்ணை, அதை எழுதேல்லையே?"

"அது வெறும் உண்மை தம்பி. நான் எழுதினது கொள்கை."

கொள்கைக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது புகார் வந்தது. அடுத்தது காலி செய்யச் சொல்லும் கடிதம்தான் என்று வீட்டுக்காரர் தொலைபேசியில் உறுமினார்.

அண்ணை சளைக்கவில்லை. சில தீவுகளில் பிணக்கு வந்தால் எல்லாரும் பாயில் அமர்ந்து, ஒத்துப்போகும்வரை பேசுவார்களாம். நான் லீவெடுத்த ஒரு மதியம், அம்மையாரின் கதவுக்கு வெளியே பாய் விரித்தார். ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் தேநீர். அம்மையார் முழங்காலைப் பிடித்தபடி ஒருமாதிரி பாயில் அமர்ந்து, சிரட்டையை முகர்ந்து பார்த்தார்.

"இன்றைக்கு ஏன் சத்தமில்லை?" என்று என்னைக் கேட்டார்.

அண்ணை அதைக் காதில் வாங்கவில்லை. தேநீர் கலக்கிய அகப்பையைத் தூக்கி, மாடிப்படிக் கம்பியில் ஒவ்வொரு தீவாக இடம் காட்டத் தொடங்கினார். டொக். டொக். டொக்.

அம்மையார் துள்ளி எழுந்தார். "இதுதான்! இந்தச் சத்தந்தான்!"

விஷயம் இதுதான். அண்ணை தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் தென்பசிபிக் முழுவதும் ஹீட்டர்மேல் படிந்து தொங்கியது. மதியம்தோறும் சொற்பொழிவுக்கு ஒத்திகை பார்க்கிறவர், தீவுக்குத் தீவு அகப்பைக் காம்பால் ஹீட்டரை அடித்திருக்கிறார். சத்தம் ஹீட்டரின் சுடுநீர்க் குழாய் வழியே நேராகக் கீழே இறங்கியிருக்கிறது.

அண்ணை அகப்பையைப் பாயில் வைத்தார்.

"ஓம், நான்தான். அந்தப் பத்துப் பக்கமும் இனி என்ர வீட்டைக் காப்பாத்தத் தேவைப்படும் தம்பி."

ஆனால் அன்றைக்கே வீட்டுக்காரருக்கு ஒரேயொரு வரி எழுதினார்: "சத்தம் போட்டது நான், அவர்கள் அல்ல." அவர் எழுதியதிலேயே சிறந்த சட்ட ஆவணம் அதுதான். எங்கள் வீடு தப்பியது. அவருடைய அகப்பைக்கு என் மனைவி கம்பளி உறை பின்னிக் கொடுத்தாள்; டொக் டொக், மெல்லிய தொப் தொப் ஆனது.

போன மாதம் அண்ணை முதன்முறையாகத் தீவுகளைப் பார்க்கப் புறப்பட்டுப் போனார். நான் வீட்டிலிருந்த ஒரு மதியம் அம்மையார் வந்து கதவைத் தட்டினார். மூன்றாவது புகாரோ என்று நினைத்தபடி திறந்தேன்.

"அவர் எப்போது வருவார்?" என்றார். "கட்டடம் செத்த மாதிரி இருக்கிறது."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் கீழே இறங்கியதும், குசினியிலிருந்து எங்கள் உறையில்லாத அகப்பையை எடுத்துவந்து ஹீட்டரில் மூன்று தட்டுத் தட்டினேன்.