பெயர் கேட்காத சுவர்

அந்த வாசகம் திரையில் வந்து விழுந்தபோது பியூலா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

"இன்றோடு முடித்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். இழுத்தது போதும். யாரும் தடுக்க வேண்டாம்."

பீர்க்கன்கரணைக் கிளை நூலகத்துக்கு அவள்தான் நூலகர். அன்று காலையில்தான் இன்டர்நெட்டில் ஒரு சுவர் திறந்திருந்தாள். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த வித்தை. வாசகர்கள் தங்கள் போனில் எழுதினால் நூலகத்துத் திரையில் தெரியும். "பேர் கேட்டா கூச்சப்படுவாங்க மேடம், கேக்காதீங்க" என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். காலையிலிருந்து "ஃபேன் போடவும்" என்று ஒரே ஒரு கருத்துதான் வந்திருந்தது.

இது இரண்டாவது.

உள்ளே இருக்கும் பத்துப் பதினைந்து பேரில் யாரோ ஒருவர். யார்?

"அவசரப்படாதீங்க. எதுவா இருந்தாலும் என்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க" என்று பதில் தட்டினாள். அது போய் "ஃபேன் போடவும்" என்பதன் கீழே ஒட்டிக்கொண்டது.

சரியான இடத்தில் பதில் போட வேண்டி வேறொரு பொத்தானை அமுக்கினாள். அந்தப் பயங்கர வாசகத்தின் கீழே சிவப்பாக ஒரு இதயம் பூத்தது. பதறிப்போய் அதை எடுக்கப் பார்த்தாள். கூடவே கைதட்டல் படம் ஒன்று சேர்ந்தது.

"கர்த்தாவே!"

வாக்கெடுப்பு வைக்கும் வசதி நினைவுக்கு வந்தது. "இது நீங்கள் எழுதியதா? ஆம் / இல்லை" என்று கேள்வி போட்டாள். சற்று நேரத்தில் 'ஆம்' என்று நான்கு பேர் அமுக்கியிருந்தார்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் நால்வராகிவிட்டது. கேள்வியும் "ஃபேன் போடவும்" என்பதன் கீழேயே போய் ஒட்டியதால், ஃபேன் வேண்டுமா என்றுதான் கேட்கிறார்கள் என்று அவர்கள் நினைத்தது பிறகுதான் தெரிந்தது.

பெருங்களத்தூர் பக்கமிருந்து ரயில் கூவியது. பியூலா ஓடிப்போய் வாசல் கிரில்லை இழுத்துப் பூட்டினாள்.

கைப்பையோடு புறப்பட்ட ஒரு பெண் கிரில் முன்னால் நின்றாள். "அக்கா, நான் போகணும். திறக்கிறீங்களா?"

"கொஞ்சம் பொறும்மா. உன் பேரு?"

"அனுப்பிரியா."

"உன்னைப் பாத்தா நிதானமா தெரியுது. எனக்கு ஒரு உதவி பண்ணும்மா." பியூலா குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். ஜன்னலோரம் போட்டித் தேர்வுப் புத்தகத்துக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான் சிவகுமார். பல வருஷமாக எழுதுகிறான், பாஸாகவில்லை. "அவனாத்தான் இருக்கும். பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடு. விட்றாதே."

அந்தப் பெண் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லப் போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"எதுவா இருந்தாலும் நாளைக்குப் பாத்துக்கலாங்க" என்று அவள் சொல்வது கேட்டது. சிவகுமார் திருதிருவென்று விழித்தான்.

பியூலா உறுப்பினர் அட்டையிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். அவன் அம்மா கிளியம்மாள் தெருவையே கூட்டிக்கொண்டு வந்து கிரில்லைப் பிடித்து உலுக்கினாள்.

"ஐயோ எம்புள்ளே! இன்னாடா கொற வச்சேன் உனக்கு? பரிச்ச போனா போவுது, நான் உசுரோட கீறேனேடா!"

"யம்மா, கணக்கு வரலம்மா! அதுக்குத்தான் மூஞ்ச அப்டி வச்சிக்கினு இருந்தேன். நான் எதையும் எழுதல!"

"அப்போ யாரு?" என்றாள் பியூலா.

அப்போதுதான் கடைசி அலமாரிக்குப் பின்னாலிருந்து பென்ஷன்காரர் சாம்பசிவன் எழுந்து வந்தார். படிக்கும்போது காது மெஷினைக் கழற்றி வைத்துவிடுகிறவர். அதை மாட்டிக்கொண்டே, கையிலிருந்த தடித்த புத்தகத்தை மேஜையில் போட்டார்.

"முடிச்சுட்டேன்! ஏழு பாகம், எத்தனை வருஷமா இழுத்துண்டிருந்தது! கடைசி அத்தியாயத்துக்கு முன்னாடி உங்க சுவத்துல எழுதிட்டுத்தானே உக்காந்தேன்? ஆமா, ஏன் இவ்ளோ கூட்டம்?"

கிளியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "மெஷின் ஓட்டத் தெரிலன்னா அத்த ஏம்மா தொடுற? எனக்குப் பாதி உசுரு பூடுச்சு!" பியூலா கிரில்லைத் திறந்துவிட, ஆளுக்கொன்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். மேலிடத்துக்கு எழுதப்போவதாக ஒருவர் மிரட்டிவிட்டுப் போனார்.

பியூலா சுவரை அழித்தாள். அதற்கான பொத்தான் மட்டும் முதல் தடவையே சரியாக வேலை செய்தது. அவமானத்தில் கண் கலங்கியது. நிமிர்ந்தபோது அனுப்பிரியா இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா. இல்லாத ஒண்ணுக்குப் பயந்து, போக வேண்டிய உன்னையும் பிடிச்சு வச்சுட்டேன். கதவு திறந்துதான் இருக்கு."

அனுப்பிரியா கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எழுதினது அந்த சார்தான் அக்கா. ஆனா இன்னையோட முடிச்சுக்கலாம்னு கிளம்பினது நான்."