எட்டா, ஒன்பதரையா, பத்தா?

ஒரே எஞ்சினை இரண்டு தரம் கெடுத்த மனுசன் மூன்றாம் தரமும் அதோடு மல்லுக்கட்டுகிறான் என்றால், அவனுக்கு மூளை இல்லை என்று அர்த்தமில்லை. மூளை அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது என்று அர்த்தம். பாலையூற்று பேணாட் அப்படிப்பட்டவர்.

துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி ஏற்ற அவரிடம் ஒரு பழைய பெற்றோல் பிக்கப் இருந்தது. நன்றாகத்தான் ஓடியது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இழுவை கூட்ட ஒரு டேர்போவை வாங்கிப் பூட்டினார். பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. கொம்பிரஷன் கூடிப்போச்சு என்றார்கள். குறைத்துப் பூட்டினார். உவர்மலை ஏற்றத்தில் வண்டி இழுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. வழியில் போன நாலு பேர் தள்ளி ஏற்றினார்கள். அதில் ஒருவர் பங்குச் சுவாமி.

அன்றைக்கே பேணாட்டின் மனைவி இன்பமலர் சொல்லிவிட்டார்:

"இந்தத் தரம் பூட்டினாப் பிறகும் எஞ்சினை இறக்க வேண்டி வந்தது எண்டால், வண்டி பழைய இரும்புக்குப் போகும். மாதா மேல சத்தியம்."

இன்பமலர் மாதா மேல் சத்தியம் பண்ணி மாறினதாகச் சரித்திரம் இல்லை. ஆகவே இம்முறை எண் பிழைக்கக் கூடாது.

என்ன எண் என்று கேட்கிறீர்களா? சிலிண்டருக்குள் இழுத்த காற்றை எத்தனையில் ஒரு பங்காக நெரிப்பது என்ற கொம்பிரஷன் எண். பட்டறைக்கார ஹஸன் நாநா எட்டு என்றார். கனடாவிலிருக்கிற மச்சான் ஒன்பதரை என்றான். யூடியூப்பில் ஒரு ஒஸ்ரேலியாக்காரன் மேசையில் குத்திப் பத்து என்றான். மூன்று பேர் சொன்னதும் பேணாட்டுக்குச் சரியாகவே பட்டது. காலையில் எட்டு, சோறு தின்ற பிறகு பத்து, குளித்தால் ஒன்பதரை. செபமாலையில் பத்துத் தரம் சொல்ல வேண்டிய 'அருள் நிறைந்த மரியே'யை எட்டாவதில் நிறுத்திவிட்டு, இது காணுமா என்று யோசித்தார். பக்கத்தில் முழந்தாளில் இருந்த இன்பமலர் முழங்கையால் ஒன்று இடித்தார்.

ஹஸன் நாநா தினமும் போன் எடுத்தார்.

"தம்பி, பிஸ்டனுக்கு ஓடர் குடுக்கணும். நம்பரச் சொல்லுங்க."

"எட்டு, நாநா. இல்ல, பொறுங்கோ."

"மூணு கிழமையாப் பொறுத்துட்டுத்தானே இருக்கன்."

இந்தக் குழப்பத்துக்குள்தான் பேணாட்டுக்கு அந்த மகா யோசனை வந்தது. எண்ணை இன்பமலரின் வாயால் சொல்ல வைத்துவிட்டால்? எஞ்சின் வெடித்தால் வெடித்தது அவருடைய எண்! தன் பிழைக்கு அவர் எப்படி வண்டியை இரும்புக்குப் போடுவார்? சந்தோசத்தில் பேணாட் தனியாகச் சிரித்தார்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு மனைவியைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். சாட்சி வேண்டுமே.

"இஞ்சேரும், எட்டுக்கும் பத்துக்கும் இடையில ஒரு எண் சொல்லும்."

"என்னத்துக்கு?"

"சும்மாதான். நீர் கைராசிக்காரியெல்லே."

"பதினஞ்சு வருசமா இல்லாத கைராசி இண்டைக்கு எங்கால வந்தது?"

"நீர் சொல்லுறதுதான் கடைசி முடிவு. இனி எஞ்சின் உம்மட பொறுப்பு."

இன்பமலர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"முழுப் பொறுப்புமோ?"

"முழுக்க!"

"பிறகு கதை மாறக் கூடாது."

"ஹஸன் நாநா சாட்சி!"

ஹஸன் நாநா ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

"சரி," என்று இன்பமலர் கைப்பையை எஞ்சின் மேல் வைத்தார். "டேர்போ எண்டால் என்ன செய்யுமாம்?"

"காத்தை இன்னும் உள்ளுக்குத் தள்ளும்."

"ஏற்கனவே நெரிபடுற காத்துக்கு மேலயோ?"

"ஓம்."

"விளங்கிற்று. நானும் அயல்வீட்டு நபீஸாவும் ஆசுப்பத்திரி வேலைக்குப் போற பஸ் மாதிரித்தான் இது. நிறைஞ்ச பஸ்ஸுக்குள்ள கொண்டக்டர் இன்னும் பத்துப் பேரைத் தள்ளினா உள்ளுக்குச் சண்டை வரும். உங்கட பிஸ்டன் ஓட்டையானது அப்பிடித்தான். எண்ணைக் குறைக்கத்தான் வேணும்."

"அப்ப எட்டு!" என்றார் பேணாட்.

"அவசரப்படாதேங்கோ. ஆளே இல்லாட்டி பஸ் வெளிக்கிடாது. உவர்மலையில சுவாமியார் தள்ளினது மறந்துபோச்சோ?"

"அப்ப பத்து!"

"ஐயோ, சும்மா இருங்கோ. நாநா, போன தரம் எவ்வளவு?"

"ஏழர, தங்கச்சி."

"அதுக்கு முதல்?"

"பத்து."

"இவர் அடிக்கிறது மலிவான தொண்ணூற்றிரண்டு ஒக்டேன் பெற்றோல், கனக்க நெரிச்சாத் தாங்காது. ஏத்துறது மீனும் ஐசும். வெயிலோ சொல்லத் தேவையில்லை. ஏழரைக்கும் பத்துக்கும் நடுவில, கொஞ்சம் கீழ, எட்டரை போடுங்கோ."

ஹஸன் நாநா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கும் மனசுக்குள்ள எட்டரதான். அந்த அரையச் சொல்லத்தான் துணிவு வரல்ல."

பேணாட் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எட்டரை எங்கே இருந்து வந்தது? மூன்று பேரில் ஒருவரும் சொல்லவில்லையே! ஆனாலும் எண் மனைவியுடையது. அந்த நினைப்பே அவருக்குத் தெம்பாக இருந்தது. மீன் கடையிலும் கோயில் வாசலிலும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவைத்தார்: "எண் அவ தந்தது. என்னைக் கேக்கக் கூடாது."

எஞ்சின் பூட்டியாயிற்று. வெடிக்கவில்லை. இருபது பெட்டி மீனோடு வண்டி உவர்மலை ஏற்றத்தை ஒரே இழுவையில் ஏறியது. மேலே போய் நிறுத்தின பேணாட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து வண்டியைத் தடவித் தடவித் துடைத்தார்.

அடுத்த நாள் காலை துறைமுகத்துக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். எஞ்சின் ஏற்கனவே உறுமிக்கொண்டிருந்தது. சாரதி ஆசனத்தில் இன்பமலர். ஆறு வருசத்துக்கு முன் எடுத்து அலுமாரிக்குள் கிடந்த லைசன்ஸ் கண்ணாடிக்கு முன்னால் கிடந்தது. பக்கத்து ஆசனத்தில், இன்பமலரோடு வேலை செய்கிற அயல்வீட்டு நபீஸா மடியில் சாப்பாட்டுப் பையோடு வசதியாக இருந்தார்.

"இதென்ன?" என்றார் பேணாட்.

"ஆசுப்பத்திரிக்குப் போறம். இனி பஸ்ஸில நெரிபட ஏலாது."

"என்ர வண்டியில?"

"எஞ்சின் ஆருடைய பொறுப்பு?"

"அது வெடிச்சால் எண்டுதானே சொன்னனான்!"

"வெடிச்சா என்ர எண், ஓடினா உங்கட வண்டியோ? ஊருக்கெல்லாம் நீங்கள்தானே சொல்லித் திரிஞ்சனீங்கள். வேணுமெண்டா நாநாவுக்குப் போன் எடுங்கோ."

பேணாட் வாயைத் திறந்தார். எட்டு, ஒன்பதரை, பத்து எல்லாம் ஒன்றாய் நினைவுக்கு வந்தன.

"அப்ப நான்?"

"துறைமுகத்தில இறக்கிவிடுறன். பின்னால பெட்டிகளோட ஏறுங்கோ. நல்லாப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ, டேர்போ பூட்டின வண்டி."