ஸ்பெயின்காரனுக்கு யார் சொன்னது?

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மச்சான் றேமண்ட் அவர்களுக்கு,

அந்தோனியார் காவலில் நீங்களும் வெள்ளவத்தை வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் தங்கை டோரின் சுகம். எனக்குத்தான் பிரஷர் கூடியிருக்கிறது. அதற்குக் காரணம், தங்கமான பிள்ளை என்று சொல்லி எங்கள் மேல் அறைக்கு வாடகைக்கு நீங்கள் கொண்டுவந்து விட்ட பிரியந்தன். இந்தக் கடிதம் கண்டதும் வந்து அவனை அழைத்துப் போகவும்.

இவன் சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் வெளிநாட்டுப் படம் காட்டுகிறான், அதுவும் இலவசமாக. இலவசமாக வரும் பெட்டிக்குள் வேறொன்று இருக்கும் என்பது துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிளாக்காக இருந்த எனக்குத் தெரியாதா? நேற்று உளவு பார்க்கவே போனேன். ஸ்பெயினில் உள்நாட்டுச் சண்டை முடிந்து ஒரு சர்வாதிகாரி ஆண்ட காலத்துக் கதையாம். அவர்கள் சண்டை அவர்கள் பாடு என்று காலை நீட்டி உட்கார்ந்தால், காணாமல் போன மகனுடைய போட்டோவை ஒரு தாய் சுவரில் மாட்டிய இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் ஒளிக்கிறாள். மச்சான், என் தம்பி கிளின்ரனை 2008இல் வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன பிறகு அவனுடைய போட்டோவை நாங்கள் எங்கே ஒளித்தோம்? அதே திரு இருதயத்துக்குப் பின்னால். எங்களையும் உங்களையும் தவிர யாருக்குத் தெரியும்? ஸ்பெயின்காரனுக்கு யார் சொன்னது? போன மாதம் எங்கள் வீட்டுத் திரு இருதயத்துக்குப் பக்கத்தில் ஏறி நின்று பல்ப் மாற்றியவன் பிரியந்தன். அந்த ஸ்பெயின் படம் எடுத்தது 1976இல், அப்போது கிளின்ரன் பிறக்கவேயில்லை என்று டோரின் வாதாடுகிறாள். திகதியை யாரும் மாற்றலாம், எத்தனை சரக்குப் பத்திரங்களில் பார்த்திருக்கிறேன்.

அதோடு விட்டார்களா? திரையில் ஆமிக்காரர் வந்து மா வைத்திருந்த தகரப் பேணியைக் கொட்டி, கட்டிலைப் புரட்டி, கடைசியில் ஒருவன் திரு இருதயத்தை நோக்கிக் கையை நீட்டுகிறான். நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது. மண்டபம் முழுக்கக் கேட்க, "எத்தன முக்குத் நே, சேர்" என்று சொல்லிவிட்டேன். அங்கே ஒன்றுமில்லை என்று, ஸ்பெயின் ஆமிக்காரனிடம், சிங்களத்தில். அன்று எங்கள் வீட்டைச் சோதிக்க வந்தவனிடமும் இதைத்தான் சொன்னேன். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குச் சந்தேகம். இத்தனை வருடம் மூடி வைத்ததை என் வாயாலேயே கக்க வைக்கத்தான் இந்தப் படத்தையே எடுத்திருக்கிறார்கள். இப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே ஓடிப்போய்த் திரு இருதயத்துக்குப் பின்னால் தடவிப் பார்க்கிறேன். எனக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு போட்டோதான். அதையும் கொண்டுபோய்விட்டால் நான் என்ன செய்வேன்?

ஆகவே தாமதிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். மச்சாளை முழங்காலுக்கு எண்ணெய் பூசச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஹெக்டர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் மூன்றாம் வீட்டு ஷெரோமி வந்தாள். அவள் புருஷனும் அதே வருடம் காணாமல் போனவர்.

"ஹெக்டர் அண்ணை, எங்கட அவரின்ர போட்டோவும் மாதா படத்துக்குப் பின்னாலதான் கிடக்கு. நான் ஒருத்தருக்கும் சொல்லயில்ல," என்றாள்.

பிரியந்தன் அவள் வீட்டுப் படி ஒருநாளும் ஏறியதில்லை, விசாரித்துவிட்டேன். ஆகையால் நீங்கள் வர வேண்டாம். கிளின்ரனின் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரும்படி பிரியந்தனிடமே கொடுத்துவிட்டேன், முன் அறையில் மாட்டப் போகிறோம். பெற்றுக்கொண்டதாக ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். அன்று தம்பியைக் கொண்டுபோனவர்களிடம் அப்படி ஒரு துண்டு கேட்க எனக்குத் தோன்றவில்லை, மச்சான்.