மார்கரெட் அம்மாளின் புல்தரை

முதல் வெட்டிலேயே ஓரம் கோணிக்கொண்டது.

சதாசிவம் எட்ஜரைத் தூக்கி முறைத்தார். நீளக் கழி, அதன் நுனியில் அரைவட்ட இரும்புத் தகடு. புல்தரை ஓரத்தில் அதை நிறுத்தி, மேலே காலை வைத்து அழுத்தினால் கேக் வெட்டுகிற மாதிரி நேராகப் போகும் என்று கார் டிரைவர் தேசப்பன் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். சதாசிவம் எந்தக் காலத்தில் கேக் வெட்டினார்? செங்கல்பட்டு ஜங்ஷனில் டிக்கெட் கொடுத்தே தலை நரைத்த மனிதர்.

"ஞாயித்துக்கெழம அம்மா வராங்க சார். புல்லு பாதையில ஏறிடுச்சாமே, ஓரம் நேரா இருக்கணும்னாங்க. நடுவுல மட்டும் மம்பட்டி, கடப்பாரை படவே கூடாதாம்" என்று தேசப்பன் போகும்போது திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான்.

அம்மா என்றால் மார்கரெட் அம்மாள். மதராஸ்வாசி. சதுரங்கப்பட்டினத்தில் கடலைப் பார்த்த இந்த பங்களாவுக்குச் சொந்தக்காரி. அவர் புருஷன் கடலில் குளிக்கப் போனவர் திரும்பவில்லை, உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவர் நினைவாகப் போட்ட புல்தரை இது. இதைக் கவனித்துக்கொண்டால் போதும், வாடகை வேண்டாம் என்றுதான் சதாசிவத்தையும் மனைவி ஜெகதாம்பாளையும் குடிவைத்திருந்தார். மருமகள் துரத்திவிட்ட இருவருக்கும் வேறு போக்கிடம் கிடையாது. புல் கெட்டால் நடுத்தெருதான்.

"இன்னாங்க இது, பாம்பு போன தடம் மாதிரி கீது?" என்றாள் ஜெகதாம்பாள்.

"மணலுடி. வெட்ட வெட்டச் சரியுது."

"கயிறு கட்டி வெட்டுங்களேன்."

துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். கடற்காற்றில் கயிறு வளைந்தது, வெட்டும் வளைந்தது. அதை நேராக்க இன்னும் உள்ளே தள்ளி வெட்டினார். இப்போது எதிர்ப்பக்கம் பொருந்தவில்லை. அதையும் வெட்டினார். அது சரிந்து, ஒரு பாளம் புல் கையோடு வந்தது.

"எடுத்து ஒட்டிடலாமா?" என்று கேட்டார்.

"அது இன்னா, கிழிஞ்ச ரவிக்கையா?"

மறுநாளும் வெட்டினார். நான்கு பக்கமும் புல்தரை உள்வாங்கிக்கொண்டே போனது. நிறுத்தினால் கோணல், நிறுத்தாவிட்டால் புல்லே இல்லை. மனிதருக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் வேப்பமரத்துப் பக்கம் ஓர் இடத்தில்தான் எட்ஜர் கெட்டியாக இறங்கியது. அங்கே மண் சரியவில்லை, புல்லும் கருகருவென்று அடர்ந்திருந்தது. அல்வாத் துண்டு போல நான்கு ஓரமும் சுத்தமாக நின்றன.

ஆனால் மிஞ்சியது ஆளை நீட்டிப் படுக்க வைக்கிற அளவு.

சனிக்கிழமை மீன்காரி குப்பம்மா வேலிக்கு வெளியே கூடையோடு நின்றாள். சுற்றிலும் வெறும் மணல், நடுவில் பச்சைப்பசேலென்று நீள்சதுரம். கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எந்த மகான் அடங்கியிருக்காரு சாமி?"

"யாரும் இல்ல குப்பம்மா, வெறும் புல்லு."

"சொல்ல மாட்டீங்க. சொன்னா சக்தி பூடும்."

பொழுது சாய்வதற்குள் குப்பமே வந்து பால் ஊற்றிப் பூப் போட்டுவிட்டது. கால்மாட்டில் அகல்விளக்கு. சதாசிவம் எல்லாவற்றையும் வாரிப் போடப் போனார். ஜெகதாம்பாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. சாமி குத்தம் ஆயிடும்."

"நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் தெருவுல விடப்போறாங்க. அதுக்கு மேல குத்தம் இன்னாடி?" என்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெட்டியைக் கட்டினார்கள். கட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை கார் வந்து நின்றது. மார்கரெட் அம்மாள் இறங்கினார். தோட்டத்தைப் பார்த்தார். பூவைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"அம்மா, மன்னிச்சிடுங்க" என்று சதாசிவம் கும்பிட்டார். "இன்னிக்கே காலி பண்ணிடறோம்."

"காலி பண்றதா? எங்கே போய் என்ன சொல்லப் போறீங்க?" அந்த அம்மாளின் குரல் நடுங்கியது. "இங்கேயே இருங்க. வீட்டை உங்க பேருக்கே எழுதித் தரேன். யாரையும் உள்ளே விடாதீங்க, அது போதும்."

விறுவிறுவென்று காருக்குள் ஏறி முகத்தை மூடிக்கொண்டார்.

ஜெகதாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் ஞாபகம், பாவம், எவ்வளவு பெரிய மனசு என்று சதாசிவமும் காரைப் பார்த்துக் கும்பிட்டார்.

தேசப்பன் மட்டும் கிளம்பாமல் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தில் வந்து காதோடு கேட்டான்.

"இவ்ளோ பெரிய தோட்டத்துல அந்த எடத்த எப்டி சார் கரெக்டா புடிச்சீங்க? தோண்டின எனக்கே மறந்து பூட்ச்சே!"