எப்பப் பார்த்தாலும் தாமோதரன் சார்

ஒரு தடவை நடந்ததை "எப்பவும்" என்றும், ஒரு தடவை நடக்காமல் போனதை "ஜென்மத்துல இல்ல" என்றும் சொல்லும் மனித இனம் ஒன்று நம் நடுவே செழித்து வாழ்கிறது. அதைப் பார்க்க நீங்கள் வண்டலூர் வரை போய் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. குரோம்பேட்டையில் இறங்கி அஸ்தினாபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் கடைசி ஆளாகத் தொற்றிக்கொண்டால் போதும். உங்கள் விலாவில் முழங்கையை ஊன்றியிருப்பவர், "இந்த ஆட்டோ எப்பவுமே இப்படித்தான் சார்" என்பார். அவர் அந்த ஆட்டோவில் ஏறுவது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? அவ்வப்போது, இடையிடையே, அடிக்கடி, அரிதாக, எப்போதாவது, நாள்தோறும், அத்தி பூத்தாற்போல என்று ஏறவும் இறங்கவும் எத்தனை படிகள்! இந்த இனத்துக்கு அத்தனையும் வீண். அடிப்படியும் மொட்டைமாடியும் மட்டும் இருந்தால் போதும். நடுவில் தாவிக்கொள்வார்கள்.

எங்கள் தெருவில் இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி தாமோதரன் சார். தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயில் "ஒரு நாளும் டயத்துக்கு வராது" என்ற கொள்கையில் நிதானமாகக் குளித்து, நிதானமாகச் சாப்பிட்டு, நிதானமாகப் படியேறுவார். ரயிலின் பின்புறம் தெரியும். "இன்னிக்குன்னு பாத்து கரெக்டா வந்துட்டான்" என்பார். நாளைக்கும் அப்படியே சொல்வார். தண்ணீர் லாரி நம் தெருவுக்கு "எப்பவுமே வராது" என்று ஒருநாள் அவர் என்னிடம் முறையிட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து, "ஓரம் போ சார், தண்ணி ஊத்தணும்" என்றார். சார் ஓரம் போனார். கொள்கை நகரவில்லை.

வீட்டில் மனைவி மஹாலட்சுமி அக்காவிடமும் அதே கதைதான்.

"எப்பப் பாத்தாலும் சாம்பார்ல உப்பு ஜாஸ்தி!"

"என்னிக்குங்க ஜாஸ்தி?"

"தெனமும்தான்."

"நேத்து?"

"நேத்த விடு."

"முந்தாநாள்?"

"முந்தாநாள் நான் கல்யாணத்துல சாப்ட்டேன்."

ஆனால் தன் விஷயம் என்று வந்தால் இந்த இனம் அப்படியே குப்புறப் புரண்டுகொள்ளும். சிகரெட் உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு சார் சொன்னது: "எப்பயாவது டாக்டர். ஆபீஸ் போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு, சாப்ட்ட பிறகு ஒண்ணு. மத்தபடி டென்ஷனா இருந்தா எப்பயாவது." ஆக, அடுத்தவன் ஒரு தடவை செய்தால் அது எப்பவும். தான் எப்பவும் செய்தால் அது எப்பயாவது. அவர்கள் பாஷையின் இலக்கணம் மொத்தமும் இவ்வளவுதான்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சாரின் எதிர்வீட்டு அருண்ராஜைக் கேளுங்கள்.

கிண்டியில் நல்ல வேலை, பாக்குகூடப் போடாத பையன். வருகிற சம்பந்தங்கள் எல்லாம் கூடிவந்து, கடைசியில் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வரும். விசாரிப்பவர்கள் எதிர்வீட்டுக் கதவைத்தானே தட்டுவார்கள்? தட்டினார்கள். தட்டியவர்கள் அப்படியே பஸ் ஏறிப் போனார்கள். இந்தத் தடவை துர்கா என்று ஒரு பெண். இருவருக்கும் பிடித்துவிட்டது. பையன் அவள் போட்டோவைப் பர்ஸிலேயே வைத்துவிட்டான். மிச்சமிருந்தது விசாரணை மட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தாய்மாமன் துரைராஜ் பம்மலிலிருந்து வந்து, தாமோதரன் சார் வாசலில் செருப்பைக் கழற்றினார். எதிர்ப்பக்கம் அருண்ராஜின் அம்மா ரேணுகாம்பாள் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, அது நிரம்பி வழிவதைப் பார்க்காமல் நின்றிருந்தார். தெருவே காதை நீட்டிக்கொண்டிருந்தது. நானும்தான்.

"எதுத்த வூட்டுப் புள்ள இன்னா சார், எப்டி?"

"அருணா? எப்பப் பாத்தாலும் செல்லும் கையுமாத்தான் இருப்பான்."

"குடி கிடி?"

"அடிக்கடி ஒயின் ஷாப் வாசல்ல பாப்பேன்."

ஒரு நாள் அவன் வண்டி அங்கே பஞ்சர் ஆனது. சார் அங்கே எதற்குப் போனார் என்று கேட்காதீர்கள். எப்பயாவது போவார்.

"சண்ட?"

"சதா சண்டதான். அன்னிக்கு கேபிள்காரன்கிட்ட..."

ரேணுகாம்பாள் குடத்தின் கழுத்தை நெரித்தார். ஆனால் துரைராஜ் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அவ்ளோதானா? ஒரு தபா செல்லு, ஒரு தபா கட வாசலு, ஒரு தபா சண்ட! இந்தக் காலத்துல இப்டிப் புள்ள எங்க சார் கெடைக்குது?"

அடுத்த வினாடி எனக்குப் புரிந்தது. துரைராஜும் அதே இனம்! தாய்மொழியைக் கேட்டவர் போலப் பூரித்திருந்தார்.

தாமோதரன் சார் கெட்டவர் இல்லை. இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. சம்பந்தம் கூடுகிறது என்று தெரிந்ததும், நம் பங்குக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வோமே என்று இறங்கினார்.

"தங்கமான பையன் சார். தெனமும் வேலைக்குப் போவான்."

துரைராஜின் புன்னகை நின்றது. "தெனமுமா?"

"டெய்லி! அம்மாவ எப்பவும் தாங்குவான். ஜென்மத்துல பொய் சொல்ல மாட்டான்."

"ஒரு நாளு வேலைக்குப் போயிருக்கான்," என்று முணுமுணுத்தார் துரைராஜ். "ஒரு தபா அம்மாவப் பாத்துகினான். ஒரு தபா பொய் சொல்லல. சரி சார், நான் வரேன்." கால் செருப்பைத் தேடியது.

அப்போதுதான் ரேணுகாம்பாள் தெருவைக் கடந்து வந்தார்.

"நில்லுங்கண்ணா! எம்புள்ள எப்பயாச்சும்தான் வேலைக்குப் போவான்."

முகத்தில் சவர நுரையோடு அருண்ராஜ் வெளியே ஓடிவந்தான். "அம்மா! என்னம்மா சொல்ற?"

"நீ சும்மா இருடா. என்னைய எப்பயாச்சும்தான் பாத்துப்பான். எப்பயாச்சும் உண்ம பேசுவான்."

துரைராஜ் ஒரு கால் செருப்போடு நின்று கணக்குப் போட்டார். பெற்ற தாய், தன் பிள்ளையைப் பற்றி, தன் வாயால். சொந்த விஷயம். அப்படியென்றால்...

"அப்போ தெனமும்!" என்று கத்தினார். "கடசியா ஒண்ணும்மா. குடிப்பாரா?"

ரேணுகாம்பாள் திணறினார். அவ்வளவு வருஷம் எதிர்வீட்டில் வாழ்ந்து அந்தப் பாஷையைக் கற்றவருக்கு அதில் 'இல்லை' என்பதற்குச் சொல்லே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 'எப்பயாச்சும்' என்றால் தினமும். 'இல்லவே இல்லை' என்றால் எவன் நம்புவான்? தாமோதரன் சாரைக் கைகாட்டினார்.

"அதான் அவரே சொல்லிட்டாரே, அடிக்கடின்னு."

"ஆமால்ல!" என்றார் துரைராஜ், நிம்மதியாக. "தையிலயே வெச்சிக்கலாம்மா."

தையிலேயே நடந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த தாமோதரன் சார், மேடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இந்த அருண் எப்பப் பாத்தாலும் கல்யாணம் பண்ணிக்கிறான்."

சிரிக்கிறீர்கள். சிரித்தபடியே பக்கத்தில் இருப்பவரிடம், "எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் எப்பவும் இப்படியேதான்" என்று சொல்லத் திரும்பினீர்களே, அதையும் பார்த்தேன். எப்பவுமா? பரவாயில்லை, சொல்லுங்கள். ஆனால் உங்கள் வாசலிலும் ஒருநாள் யாராவது வந்து எதிர்வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். அப்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக வாயைத் திறங்கள். எதிர்வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் ஒருத்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.