அடுப்புக்கு ஏற்ற சாலை

"இழுக்கிறதெல்லாம் இழுத்துடும் சார். எந்த ரோட்டுல போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் மெக்கானிக், ஜீப்புக்குப் பின்னால் மாட்டியிருந்த டிரெய்லரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி.

இன்சூரன்ஸ்காரர் குனிந்து டிரெய்லரின் டயரைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் அவர் போன மாதமே போய்ச் சேர்ந்திருப்பார்.

டிரெய்லரின் மேல் அவர் மனைவியின் அடுப்பு உட்கார்ந்திருந்தது. ரொட்டி சுடுகிற பெரிய இரும்பு அடுப்பு. இரண்டு கதவு, உள்ளே செங்கல் பதித்தது, மேலே ஒரு புகைக்குழாய். கிரேன் வைத்துத்தான் ஏற்றினார்கள். ஏற்றிய நாளிலிருந்து அது வாசலிலேயே நின்றது. பக்கத்து வீட்டம்மா முதலில் கூச்சத்தோடு ஒரு துண்டை அதன்மேல் காயப்போட்டார். இப்போது போர்வை வரைக்கும் வந்துவிட்டார். தெருப்பூனை ஒன்று அவரையும் மிஞ்சி, அடுப்புக்குள்ளேயே குட்டி போட்டுவிட்டது.

மனைவி இருந்தது நாட்டின் மறுகோடியில், கடலோர ஊர் ஒன்றில். அவளுடைய அக்கா அங்கே ஒரு கடையைக் கொடுத்து, "பேக்கரி வை" என்று கூப்பிட்டபோது இவர் ஓய்வு பெறக் கொஞ்சகாலம் பாக்கி இருந்தது. "ரிடையர் ஆனதும் நீங்களும் வந்துடுங்க" என்றாள். "வந்து? உன் கடையில பன்னை எண்ணிக்கிட்டு உக்காரவா?" என்று கேட்டுவைத்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு, பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள்.

பிறகு அவர் ஓய்வும் பெற்றார். அலுவலகத்தில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதை மாட்டிவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தினமும் போனில் பேசினார்கள். தண்ணீர் வருகிறதா, கரண்ட் பில் கட்டியாச்சா என்பது வரை பேசினார்கள். "வாங்க" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பல்கூடத் தேய்க்காமல் கிளம்பியிருப்பார். அவள் சொல்லவில்லை. "வரட்டுமா?" என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை. அந்தப் பன் தொண்டையிலேயே நின்றது.

கடைசியில் ஒரு நாள் அவள், "இங்க இருக்கிறது இரவல் அடுப்புங்க. ஒரு பக்கம் கருகுது, ஒரு பக்கம் வேக மாட்டேங்குது. என் பழைய அடுப்பு கிடைச்சா நல்லா இருக்கும்" என்றாள்.

அடுப்பைக் கேட்கிறாள், ஆளைக் கேட்கவில்லை. அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அடுப்பு தானாக நடந்து போகாது, கூட ஓர் ஆள் போயாக வேண்டும். இப்போதைக்கு அது போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். "லாரியில போட்டு அனுப்பிடலாமே சார்" என்று நல்ல எண்ணத்தில் சொன்ன மெக்கானிக்கோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சிக்கல் எங்கே என்றால், வேலைக்காலம் முழுக்க அவர் விபத்தான வண்டிகளைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிட்டவர். கவிழ்ந்த வண்டி, நசுங்கிய வண்டி, எரிந்த வண்டி என்று அவர் பார்க்காத சேதம் இல்லை. நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்த வண்டியை யாரும் அவரைக் கூப்பிட்டுக் காட்டியதில்லை. அதனால், வண்டிகள் ஊர் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையே அவருக்கு வளரவில்லை.

போவதற்கு மூன்று சாலைகள் இருந்தன.

"மலை ரோடு குறுக்கு வழி சார். மறுநாளே போயிடலாம்" என்றார் மெக்கானிக்.

"மூணாவது வளைவு. பால் டேங்கர். பிரேக் போச்சு. பள்ளத்தாக்கே வெள்ளையாக் கிடந்துச்சு."

"அப்ப பொட்டல்வெளி ரோடு. நேர்க்கோடு, வளைவே கிடையாது."

"காத்து. மெத்தை ஏத்திட்டு வந்த லாரியை அப்படியே தூக்கிச் சாய்ச்சிருச்சு. டிரைவர் மெத்தை மேல விழுந்ததால பொழைச்சாரு. நாம அடுப்பு மேல விழுவோம்."

"ஆத்தோர ரோடு?"

"பாலம் பழசு."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மனைவி போன் செய்தாள். "கிளம்பியாச்சா?"

"ரூட் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"போன வாரமும் இதான் சொன்னீங்க."

"இப்பப் பூனை வேற குட்டி போட்டிருக்கு. கண்ணு தொறக்கட்டும்."

"யாருக்கு?" என்று கேட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அவளுடைய தம்பி வந்து இறங்கினான். பஸ் கண்டக்டர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அவனுக்கு எந்தச் சாலையைப் பற்றியும் கவலை கிடையாது. வண்டி நகர்ந்தால் தூங்கிவிடுவான். பூனையையும் குட்டிகளையும் ஒரு பழைய பிரெட் கூடையில் எடுத்துப் பின் சீட்டில் வைத்தான். பக்கத்து வீட்டம்மாவின் போர்வையை மடித்துக் கொடுத்தான். பிறகு ஜீப்பின் பக்கவாட்டில் ரெண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்!" என்றான்.

இன்சூரன்ஸ்காரருக்கு வேறு வழி இருக்கவில்லை. பொட்டல்வெளிச் சாலையைத் தேர்ந்தெடுத்தார். காற்றுக்கு மாற்றாக, வழியில் டிரெய்லரின் இரண்டு பக்கமும் மணல் மூட்டைகளை ஏற்றினார்.

"இருக்கிற கனம் பத்தாதா அத்தான்?"

"கனமா இருந்தாத்தான் காத்து தூக்காது."

காற்று தூக்கவில்லை. அன்று ஓர் இலைகூட அசையவில்லை. மணல் மூட்டையின் கனத்தில் டிரெய்லரின் டயர்தான் வெடித்தது. அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, புகைக்குழாயை நீட்டி வானத்தைப் பார்த்தது. ஸ்டெப்னியை மாட்டி முடித்தபோது இருவரும் பொட்டல்வெளியின் நிறத்துக்கே வந்திருந்தார்கள். இன்னொரு டயர் வெடித்தால் மாற்ற டயர் இல்லை. அத்துவானத்தில் நிற்க வேண்டியதுதான். மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி ஆற்றோரச் சாலையைப் பிடித்தார்.

பாலத்தின் வாயில் காவலாளி எடைமேடையைக் காட்டினார். ஏற்றினார்கள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் குதித்தது.

"கொஞ்சம் குறைச்சுட்டு வாங்க."

புகைக்குழாயைக் கழற்றினார்கள். முள் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. இரும்புத் தட்டுகளை எடுத்தார்கள். இரண்டு கதவையும் கழற்றிக் காவலாளியின் குடிசையில் சாத்தி வைத்தார்கள். கதவில்லாத அடுப்பு, பல்செட்டைக் கழற்றிய வாய் மாதிரி ஆகிவிட்டது. முள் அப்போதும் சிவப்பிலேயே நின்றது.

"அந்தப் பூனையை இறக்கினா?" என்று கேட்டான் மச்சினன்.

"நீங்க ரெண்டு பேரும் இறங்கிக்கிட்டாலும் பத்தாதுங்க" என்றார் காவலாளி. "மலை ரோடுதான் உங்களுக்குச் சரி."

இன்சூரன்ஸ்காரர் எந்தச் சாலையை நினைத்து ஒரு மாதம் வாசலிலேயே நின்றாரோ, கழற்றியதையெல்லாம் காவலாளியின் குடிசையிலேயே விட்டுவிட்டு, அந்தச் சாலையின் அடிவாரத்துக்கே வந்து சேர்ந்தார். வானம் கறுத்துக் கிடந்தது. சோதனைச் சாவடி அதிகாரி டிரெய்லரைச் சுற்றி வந்தார்.

"ஒத்த ஜீப்புல இந்தக் கனம் ஏறாது சார். நாளையிலேர்ந்து ரோட்டையே மூடப் போறோம், மேல மழை ஆரம்பிச்சிருச்சு. பேசாம மழைக்காலம் முடிஞ்சதும் வாங்க."

"மழைக்காலம் எப்ப முடியும்?"

அதிகாரி வானத்தைப் பார்த்தார். "அது முடியறப்பதான் தெரியும்."

இன்சூரன்ஸ்காரர் ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் செய்தார்.

"எங்க இருக்கீங்க?"

"மலை அடிவாரத்துல."

"மலையா? நீங்களா?"

"மேல ஏத்த முடியாதாம். மழையெல்லாம் முடிஞ்சுதான் அடுப்பைக் கொண்டு வர முடியும் போல."

அந்தப் பக்கம் யாரோ மாவை அறைந்து பிசைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரி" என்றாள்.

அந்தச் "சரி"யை அவருக்குத் தெரியும். பெட்டியை மூடிய அன்றும் அவள் அதைத்தான் சொன்னாள்.

"அடுப்பு பத்திரமா இருக்கட்டும். நீங்களும்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. "கடையில ஆள் நிக்குது" என்று வைத்துவிட்டாள்.

அவர் டிரெய்லரின் விளிம்பில் உட்கார்ந்தார். திரும்பிப் போனால் அந்தக் கடிகாரம் இருக்கும். காலையில் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளரில் டீ ஊற்றுவார். இரண்டாவது ஆறிப்போய், அதையும் அவரே குடிப்பார். அவள் இருந்தவரை விடிந்தது என்று சொன்னதே ரொட்டி வாசனைதான். மாவு ஒட்டிய கையோடு வந்து, மணிக்கட்டால் அவர் தோளைத் தட்டி எழுப்புவாள். அவர் சட்டைகளில் எல்லாம் தோளில் ஒரு வெள்ளைத் தீற்றல் இருக்கும். அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அந்தத் தீற்றல் இல்லாமல் வருஷம் ஒன்று ஓடப்போகிறது. எல்லாச் சட்டையும் சுத்தமாக இருந்தது. அது அவருக்குத் தாங்கவில்லை.

எழுந்தார்.

"இறக்குடா."

"எதை?" என்றான் தூக்கத்திலிருந்து எழுந்த மச்சினன்.

"அடுப்பை."

"அத்தான், அடுப்புக்காகத்தானே போறோம்?"

"யார் சொன்னது?"

மச்சினன் அவர் முகத்தைப் பார்த்தான். எழுந்துபோய் அடுப்பைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான்.

அடிவாரத்தில் ஒரு செங்கல் சூளை இருந்தது. அங்கிருந்த கிரேன்காரர் அடுப்பைத் தூக்கி ஒரு கொட்டகைக்குள் வைத்தார். "இது அங்க ரொம்ப அவசரமா வேணும்னு சொன்னீங்களே?" என்று அவர் கேட்டதற்கு, "அவசரம் இதுக்கு இல்ல" என்றார் இன்சூரன்ஸ்காரர். டிரெய்லர் மெக்கானிக்கினுடையது, விட்டுவிட்டுப் போக முடியாது. கனம் இல்லாத டிரெய்லர் கடகடவென்று ஆட, ஜீப் மலையில் ஏறியது.

முதல் வளைவிலேயே மழை பிடித்தது. மூன்றாவது வளைவில் பால் டேங்கர் ஒன்று எதிரே வந்தது. இன்சூரன்ஸ்காரர் பழக்கத்தில் நஷ்டத்தை மதிப்பிட ஆரம்பித்தார். டேங்கர் ஒதுங்கி வழிவிட்டு, ஒரு ஹாரன் கொடுத்துவிட்டு, தன் பாட்டுக்கு இறங்கிப் போனது. அதன் பின்னால் ஒரு பஸ். ஜன்னலில் ஒரு குழந்தை கை காட்டியது. அதன் பின்னால் கோழி லாரி, கல்யாணக் கார், இரும்புக் கட்டில் கட்டிய வேன். எல்லாம் நல்லபடியாக ஊர் போய்ச் சேருகிற வண்டிகள். இத்தனை நாள் இவை எங்கே இருந்தன என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மச்சினன் குறட்டை விட்டான். பூனை குட்டிகளை நக்கிக் கொடுத்தது.

இறக்கத்தில் கடல் தெரிந்ததும் பயம் வேறு பக்கம் திரும்பியது. அவளிடம் என்ன சொல்வது? ஒரே ஒரு பொருள் கேட்டாள். ஒரு மாதம் யோசித்து, மூன்று சாலையையும் பார்த்துவிட்டு, காலி டிரெய்லரோடு போய் நிற்கப் போகிறோம். 'அடுப்பு எங்கே?' என்பாள். 'சூளையில்' என்பதா? 'கதவு எங்கே?' என்பாள். 'பாலத்தில்' என்பதா? 'அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?' என்று கேட்டுவிட்டால்?

அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இருந்தது. அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். "உன்னைப் பாக்க வந்தேன்." மறுபடி சொன்னார். ஊர் எல்லை வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

கடை சின்னதாக, பச்சைக் கதவோடு இருந்தது. தெரு முழுக்க அந்த வாசனை. ஜீப்பை நிறுத்திவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். மாவு பிசைகிற அம்மா ஒருவர் மேஜைக்கு எதிரே நின்றிருந்தார். முழங்கை வரை வெள்ளை.

"யாரு வேணும்?"

"நான்... அடுப்பு... அதாவது அவங்களோட வீட்டுக்காரர்."

அம்மாவின் கை மாவிலேயே நின்றது. அவரை மேலும் கீழும் பார்த்தார். வாசலில் நின்ற காலி டிரெய்லரைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா பள்ளிக்கூடத்துக்கு பன்னு குடுக்கப் போயிருக்காங்க. இப்ப வந்துடுவாங்க. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. யாரிடமாவது முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் அவளிடம் சொல்வது சுலபமாக இருக்கும் என்று பட்டது.

"அம்மா, அவ கேட்டதை நான் கொண்டு வரலை. அடுப்பு மலைக்கு அந்தப் பக்கமே நின்னுபோச்சு. அவ கோவிச்சுக்குவாளா?"

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார். அவருக்குப் பின்னால், கண்ணாடிக் கதவுக்குள் ரொட்டிகள் ஒரே சீராகப் பொன்னிறத்தில் உப்பிக்கொண்டிருக்க, சுவரளவு புத்தம்புது அடுப்பு ஒன்று நின்றது.

"இது நாங்க கடை திறந்த அன்னைக்கே வாங்கினது சார், சும்மா வாங்கன்னா வரமாட்டீங்க, ஏதாவது வேலை சொன்னாத்தான் வருவீங்கன்னு உங்க வீட்டம்மா அந்தப் பழசைக் கேட்டாங்க, அதை நீங்க நெசமாவே தூக்கிக்கிட்டா கிளம்புனீங்க?"